நீலச் சிறகும் செந்நிற எறும்பும்

பிரிட்டன் என்றதும் நம்மில் பலருக்கு லண்டன் மாநகரின் நெரிசலும், ஓயாத தூறலும், பனிமூட்டமும்தான் நினைவுக்கு வரும். ஆனால், நகரங்களை விட்டுச் சற்றே விலகிச் சென்றால் வேறோர் உலகம் அங்கே விரிந்து கிடக்கிறது. பசும்புல் போர்த்திய சுண்ணாம்புக் குன்றுகள், வயல்களுக்கு வேலியாய் வளர்ந்த புதர்கள், ஆடுகள் மேயும் சரிவுகள், அவற்றினூடே பொதுமக்கள் நடந்து செல்லச் சட்டப்படி உரிமை பெற்ற ஒற்றையடிப் பாதைகள்!

ஏப்ரல் பிறந்து வெயில் சற்றே உறைக்கத் தொடங்கியதும் முதியோரும் இளையோரும் பிள்ளைகளுமாகப் பலர் இப்பாதைகளில் நடக்கத் தொடங்குகின்றனர். கையில் ஒரு குறிப்பேடு, ஒரு பென்சில். அவர்கள் தேடிச் செல்வது வண்ணத்துப்பூச்சிகளை!

பொழுது போகாதவர்களின் வேலை என்று இதனை ஒதுக்கிவிட வேண்டாம். அல்லாஹ்வின் படைப்புகளில் ஒன்றை மனிதன் காக்க முயன்று, அந்த முயற்சியாலேயே அதனை இழந்த வரலாறு ஒன்று இதற்குள் இருக்கிறது. இழந்ததை மீண்டும் பெற்ற வரலாறும் இருக்கிறது. முதலில், அங்கே என்ன காணக் கிடைக்கிறது என்று பார்ப்போம்.

வெயிலை நம்பி வாழும் உயிர்

வண்ணத்துப்பூச்சிக்குத் தன் உடலுக்குள்ளேயே போதிய வெப்பத்தை உண்டாக்கிக்கொள்ளும் ஆற்றல் இல்லை. அது பறக்க வேண்டுமானால் சிறகுகளைத் தாங்கும் நடுவுடல் ஏறத்தாழ 30 டிகிரி அளவுக்குச் சூடேற வேண்டும். குளிர் மிகுந்த பிரிட்டனில் இது எளிதன்று. ஆகவே காலையில் இலை மீதோ, கல் மீதோ அமர்ந்து, சிறகுகளை விரித்து, வெயிலை உடலில் ஏந்திக்கொள்கிறது. மேகம் மறைத்தால் பறப்பதை நிறுத்திவிடுகிறது.

இதனை அறிந்தோர் விடியற்காலையில் புறப்படுவதில்லை. அங்கு முறையாகக் கணக்கெடுப்போருக்கு வகுக்கப்பட்ட நேரம் காலை 10.45 முதல் பிற்பகல் 3.45 வரை. கோடையில் அந்நாட்டில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறத்தாழ 1 மணிக்கு. அதாவது, லுஹர் வேளைக்கு முன்னும் பின்னுமாக உள்ள பொழுதே உகந்த பொழுது. அருகே செல்கையில் நம் நிழல் அதன் மீது விழாதிருக்க வேண்டும் என்பது முதல் பாடம். நிழல் பட்டதும் பகை வந்ததென்று அது பறந்துவிடும்.

முன்கோடையின் விருந்தினர்

பிரிட்டனில் வாழும் வண்ணத்துப்பூச்சி இனங்கள் ஏறத்தாழ 60 மட்டுமே. இந்தியாவிலோ ஆயிரத்துக்கும் மேல்! குறைவாக இருப்பதாலேயே ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அறிந்துகொள்ள அங்குள்ள சிறுவருக்கும் முடிகிறது.

முதலில் தென்படுவது 'பிரிம்ஸ்டோன்'. எலுமிச்சை மஞ்சள் நிறமுடைய இது, குளிர்காலம் முழுவதையும் பசுங்கொடிகளின் இலைகளுக்கிடையே உறங்கிக் கழித்துவிட்டு, வசந்தத்தின் முதல் வெயிலில் எழுந்து வருகிறது.

அடுத்து 'ஆரஞ்சு டிப்'. வெண்மையான சிறகின் நுனியைச் செம்மஞ்சள் சாயத்தில் தோய்த்தெடுத்தாற் போன்ற அழகு ஆணுக்கு மட்டுமே உரியது. பெண்ணுக்கு நுனி கருஞ்சாம்பல் நிறம். பெண் தன் முட்டைகளைக் கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த காட்டுச் செடிகளில் பெரும்பாலும் ஒவ்வொன்றாகவே இடுகிறது. ஒரே செடியில் இரண்டு புழுக்கள் சந்தித்துவிட்டால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும் என்பதே காரணம். இந்த எச்சரிக்கையை அந்தச் சிற்றுயிருக்குக் கற்பித்தவன் யார்?

மே மாத இறுதியில் தென் இங்கிலாந்தின் சுண்ணாம்புக் குன்றுகளில் 'அடோனிஸ் புளூ' தோன்றும். அதன் ஒளிரும் நீலம், சாயத்தால் வந்ததன்று. சிறகில் ஓடு வேய்ந்தாற்போல் அடுக்கப்பட்ட நுண்செதில்களின் அமைப்பு, ஒளியைச் சிதறச் செய்து நீலமாகக் காட்டுகிறது.

இவர்களோடு வெளியூர்ப் பயணி ஒருவரும் வந்து சேர்வார். அவர் பெயர் 'பெயின்டெட் லேடி'. நம் நாட்டிலும் காணப்படும் இந்த இனம், ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டுத் தலைமுறை தலைமுறையாக வடக்கே முன்னேறி பிரிட்டனை அடைகிறது. இலையுதிர் காலத்தில் இவை எங்கே மறைகின்றன என்பது நெடுநாள் புதிராக இருந்தது. 2009 ஆம் ஆண்டு இவை பெருங்கூட்டமாக வந்தபோது ரேடார் கருவிகள் விடை கூறின. கண்ணுக்கு எட்டாத உயரத்தில், சராசரியாக 500 மீட்டருக்கும் மேலே, காற்றின் போக்கறிந்து அவை தெற்கே திரும்பிக்கொண்டிருந்தன. போய்வரும் முழுப் பயணம் ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர்! புறப்பட்டதன் வழித்தோன்றல்களே ஊர் திரும்புகின்றன. முன் சென்று பழகியது எதுவும் அக்கூட்டத்தில் இருப்பதில்லை. சுப்ஹானல்லாஹ்!

வேலி போட்டார்கள், விடை பெற்றது

இனி, முன்னே குறிப்பிட்ட வரலாற்றுக்கு வருவோம். அதன் நாயகன் 'லார்ஜ் புளூ' எனப்படும் பெரிய நீல வண்ணத்துப்பூச்சி. நீலச் சிறகில் கரும்புள்ளிகள் பதித்த இது, ஜூன் மாதத்தில் சில வாரங்களே தென்படும் அரிய உயிர். அரியது என்பதாலேயே இதனைப் பிடித்து ஊசி குத்திப் பெட்டியில் சேர்த்து வைக்க விரும்பியோர் பலர் இருந்தனர். எண்ணிக்கை குறையத் தொடங்கியதும் பழி அவர்கள் மீதே விழுந்தது.

ஆர்வலர்கள் சும்மா இருக்கவில்லை. பூச்சி வாழும் இடத்தைச் சுற்றி வேலி இட்டனர். பிடிப்போர் உள்ளே வர முடியவில்லை. ஆடுமாடுகளும் உள்ளே வர முடியவில்லை. புல் செழித்து வளர்ந்தது. பூச்சிக்குச் சொர்க்கத்தை உண்டாக்கிவிட்டதாக எண்ணி மகிழ்ந்தனர். ஆனால், காக்கப்பட்ட இடங்களிலும் அது குறைந்துகொண்டே போனது. 1979 ஆம் ஆண்டு பிரிட்டனில் அந்த இனம் அற்றுப்போயிற்று.

எங்கே பிழை நேர்ந்தது?

புற்றுக்குள் ஒரு விருந்தாளி

அவ்வினம் மறைவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், ஜெரமி தாமஸ் என்னும் இளம் ஆராய்ச்சியாளர், அது எஞ்சியிருந்த டெவன் பகுதியிலேயே தங்கி, கோடைதோறும் அதனை நுணுக்கமாகக் கவனித்து வந்தார். அவர் கண்டறிந்தது வியப்பூட்டும் உண்மை.

இப்பூச்சி 'தைம்' என்னும் நறுமணச் செடியின் மொட்டுகளில் முட்டையிடுகிறது. வெளிவரும் புழு சுமார் மூன்று வாரம் அந்தப் பூவைத் தின்று, பின்னர் தரையில் விழுந்து காத்திருக்கிறது. இரை தேடி வரும் செந்நிற எறும்பு அதனைக் கண்டதும், வழி தவறிய தன் கூட்டத்துக் குஞ்சு என்றே எண்ணுகிறது. புழுவின் உடல் மணம் அவ்வாறு ஏமாற்றுகிறது. எறும்பு அதனைத் தூக்கிச் சென்று தன் புற்றில் சேர்க்கிறது. அங்கே ஏறத்தாழ பத்து மாதங்கள், எறும்புக் குஞ்சுகளையே உண்டு வளர்கிறது அந்த 'விருந்தாளி'! மறு கோடையில் புற்றுக்குள்ளிருந்து ஊர்ந்து வெளியேறி, சிறகு விரித்துப் பறந்துவிடுகிறது.

எறும்பு எதுவாயினும் சரி என்பதில்லை. 'மிர்மிகா சபுலெட்டி' என்னும் ஒரே இனத்தின் புற்றில்தான் இது பெரிதும் பிழைக்கிறது. அந்த எறும்போ வெப்பத்தை நாடும் இனம். புல் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் உயரத்திற்குள் இருந்து, வெயில் மண்ணைத் தொட்டால்தான் அது வாழும். புல் சற்றே வளர்ந்தால் மண் குளிர்ந்துவிடும். அந்த எறும்பு விலகிச் செல்ல, வேறோர் எறும்பு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதன் புற்றில் நம் நீலப் பூச்சியின் புழுக்கள் பெரும்பாலும் மடிந்துவிடும்.

இப்போது விளங்குகிறதல்லவா? புல்லைக் கட்டையாக வைத்திருந்தவை மேய்ச்சல் ஆடுமாடுகளும் முயல்களும். 1953 இல் பிரிட்டனுக்குள் நுழைந்த கொள்ளைநோய் முயல்களைப் பெருமளவில் மாய்த்தது. செங்குத்தான சரிவுகளில் ஆடு மேய்ப்பதும் கைவிடப்பட்டது. போதாக்குறைக்கு, அன்புடன் போட்ட வேலியும் சேர்ந்துகொண்டது. முயல் மடிந்தது, புல் உயர்ந்தது, எறும்பு அகன்றது, நீலச் சிறகு மறைந்தது!

உண்மை வெளிப்பட்டபோது காலம் கடந்திருந்தது.

மீண்டும் வந்த நீலம்

ஆயினும் அந்த ஆராய்ச்சி வீண்போகவில்லை. பழைய சரிவுகளில் புதர்களை வெட்டி, ஆடுமாடுகளை மீண்டும் மேயவிட்டனர். எறும்பு திரும்பியதை உறுதி செய்துகொண்ட பின், 1980களில் ஸ்வீடன் நாட்டிலிருந்து புழுக்களைக் கொண்டு வந்து குடியமர்த்தினர். சோமர்செட் மாவட்டத்தின் கொல்லார்ட் குன்றில் 2000 ஆம் ஆண்டில் இப்பூச்சி மீண்டும் விடப்பட்டு, பொதுமக்களும் சென்று காண வழி செய்யப்பட்டது. 2022 இல் 150 ஆண்டுகளில் காணாத அளவுக்கு இதன் எண்ணிக்கை உயர்ந்ததாக ஆய்வாளர்கள் அறிவித்தனர்.

ஒன்று மீண்டது என்பதால் எல்லாம் நலம் என்று கொள்வதற்கில்லை. 1930களில் இருந்த பூப்புல்வெளிகளில் நூற்றுக்கு 97 பங்கு அங்கே அழிந்துவிட்டதாகக் கணக்கிடப்படுகிறது. 1976 முதல் வண்ணத்துப்பூச்சி இனங்களில் நூற்றுக்கு 80 பங்கு, எண்ணிக்கையிலோ பரவலிலோ குறைந்துவிட்டதாக 2022 ஆம் ஆண்டு அறிக்கை தெரிவிக்கிறது.

இந்தக் கணக்குகள் எங்கிருந்து வந்தன? குறிப்பேடும் பென்சிலுமாக நடக்கும் அந்த மக்களிடமிருந்துதான்! 1976 இல் தொடங்கிய திட்டத்தின்படி, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 26 வாரங்கள், வாரம் ஒருமுறை, குறித்த அதே பாதையில் சீராக நடந்து, ஐந்து மீட்டர் அகலத்திற்குள் தென்படுவனவற்றை மட்டும் எண்ணிக் குறிக்கின்றனர். ஊதியம் வாங்காமல் இதனைச் செய்வோர் அவர்களுள் மிகப் பலர். நேரம் குறைந்தோருக்காக 2010 முதல் கோடை நடுவில் ஒரு கணக்கெடுப்பும் நடைபெறுகிறது. அதற்குப் பதினைந்து நிமிடங்கள் போதும். வீட்டுத் தோட்டத்தில் பிள்ளைகளும் செய்யலாம்.

சிந்திப்போருக்கு...

திருக்குர்ஆனில் எறும்பின் பெயரால் ஓர் அத்தியாயமும் (அந்நம்ல்), தேனீயின் பெயரால் ஓர் அத்தியாயமும் (அந்நஹ்ல்) அமைந்திருப்பதை நாம் அறிவோம். சின்னஞ்சிறு உயிர் என்று எதனையும் அலட்சியம் செய்யக் கூடாது என்பதை இதனினும் அழகாக எவ்வாறு உணர்த்த முடியும்? வல்ல இறைவன் அமைத்த மீஸான், அதாவது சமநிலை, வானத்துக் கோள்களில் மட்டுமில்லை. மூன்று சென்டிமீட்டர் புல்லிலும் அது இருக்கிறது.

வேலி இட்டவர்களிடம் அன்புக்குக் குறைவில்லை. இல்லாதிருந்தது இல்ம். அறிவு துணை நிற்காத அன்பு, தான் நேசிப்பதற்கே தீங்காக முடியலாம். பிள்ளை வளர்ப்பிலும், பிறருக்கு உதவுவதிலும் இது நமக்கும் பொருந்தும் அல்லவா? முதலில் உற்று நோக்குவோம், அறிந்துகொள்வோம், பின்னர் கை வைப்போம்.

பிரிட்டனில் வாழும் மக்கள், மருமக்களைக் காண மே, ஜூன் மாதங்களில் செல்வோர், கடைவீதிகளோடு நின்றுவிடாமல் ஒரு நாள் முற்பகல், பேரப்பிள்ளைகளின் கை பிடித்து அருகிலுள்ள குன்றுப் பாதைக்குச் செல்லட்டும். பிடிக்க வேண்டாம், துரத்த வேண்டாம். நின்று பார்த்தாலே போதும். இலை மீது ஒரு சிறகு விரியும்போது, அதைப் படைத்தவனைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச நமக்குச் சொல் தேட வேண்டியிராது.

அல்லாஹ் நமக்குப் பார்க்கும் கண்ணையும், சிந்திக்கும் உள்ளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.