தெருவையே பூட்டிய சின்னப் பெட்டி

2019 ஏப்ரல் கடைசி. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், கிளீவ்லாந்துக்குப் பக்கத்து ஊரான நார்த் ஓம்ஸ்டெட்டில் சில தெருக்களில் மட்டும் காரின் ரிமோட் சாவிகள் வேலை செய்யாமல் போயின. பொத்தானை எத்தனை முறை அமுக்கினாலும் கதவு திறக்கவில்லை. கார் ஷெட் கதவுகளும் அசையவில்லை. மின் நிறுவனத்தார் வந்து, சாவிகளைத் தடுத்த ரேடியோ இடையூறு அலை வலுவாக இருந்த பகுதியில் மின்சாரத்தையே நிறுத்திப் பார்த்தார்கள். அலை மட்டும் ஓயவில்லை.

சாவியைத் துளையில் நுழைக்காமலே கார் எப்படித் திறக்கிறது? கைப்பிடியைத் தொட்டதும் கார் சுமார் 125 கிலோஹெர்ட்ஸில் ஒரு கேள்வி கேட்கிறது. அந்த அலை ஓரிரு மீட்டர் தூரமே எட்டும். சட்டைப்பையில் உறங்கும் சாவி அதைக் கேட்டு விழித்து, தன் ரகசியக் குறியீட்டை வேறு அலைவரிசையில் அனுப்புகிறது. அமெரிக்காவில் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் பெரும்பாலும் 433.92. குறியீடு பொருந்தினால்தான் கதவு திறக்கும், எஞ்சின் கிளம்பும்.

காசளவு பேட்டரியில் ஓடும் சாவியின் குரல் மிக மெல்லியது. அதே அலைவரிசையில் இன்னொரு கருவி ஓயாமல் ஒலித்தால், திருவிழா ஒலிபெருக்கியின் கீழே நின்று பேச்சுக் கேட்கும் கதைதான். குறியீட்டில் ஓர் எழுத்து சிதைந்தாலும் கார் அதை ஏற்காது. ஏற்கவும் கூடாது, அந்தக் கண்டிப்புதான் திருடனையும் வெளியே நிறுத்துகிறது.

நகர கவுன்சிலர் கிறிஸ் கிளாஸ்பர்ன் உள்ளிட்டோர் தேடியதில், மே மாதம் ஒரு வீட்டில் விடை கிடைத்தது. அடித்தளத்தில் வேலை செய்யும்போது மேலே யாராவது வந்தால் தெரியவேண்டும் என்று அந்த வீட்டுக்காரர் தானே ஒரு கருவி செய்து வைத்திருந்தார். அது இடைவிடாமல் 315 மெகாஹெர்ட்ஸில் ஒலித்துக்கொண்டிருந்தது. ஓடியது பேட்டரியில், அதனால்தான் மின்சாரத்தை நிறுத்தியும் பயனில்லை. பேட்டரியைக் கழற்றியதும் எல்லார் சாவிகளும் பேசத் தொடங்கின. கெட்ட எண்ணம் எதுவும் அவருக்கு இல்லை.

இந்த அலைவரிசைகள் ஊர்ப் பொதுவழி போன்றவை. இந்தியாவிலும் 433 முதல் 434 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த திறன் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை. அழைப்புமணி, கேட் ரிமோட், அலாரம் என்று பலவும் அங்கேதான் பேசுகின்றன. சொல்ல வேண்டியதை நொடிக்குள் சொல்லிவிட்டு அடங்கும் கருவிகளால் மட்டுமே அந்த வழி எல்லாருக்கும் திறந்திருக்கும். கருவி செய்பவர்களும் விற்பவர்களும் இதைக் கடமையாகக் கொள்ள வேண்டும்.

உங்கள் கார் திறக்க மறுத்தால், ரிமோட்டுக்குள் செருகியிருக்கும் உலோகச் சாவியை உருவித் திறங்கள். பல கார்களில் ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்தால் எஞ்சின் கிளம்பிவிடும். அவ்வளவு நெருக்கத்தில் சாவியின் சில்லு காரிடமிருந்தே மின்சக்தியை வாங்கிப் பதில் சொல்லும். பக்கத்து வீட்டுச் சாவியும் படுத்துவிட்டதென்றால், தெருவில் புதிதாக மாட்டிய கருவிகளைத் தேடுங்கள். சுவிட்சை அணைப்பதோடு நிறுத்தாமல் பேட்டரியையும் கழற்றிப் பாருங்கள்.