படித்தது ஏன் மறந்துபோகிறது?

செமஸ்டர் தேர்வு நாட்களில் தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் காலைப் பேருந்தில் ஏறிப் பார்த்திருக்கிறீர்களா? ஐந்து கிலோமீட்டர் தூரம்தான். அதற்குள் எத்தனை மாணவிகள் நோட்ஸை விரித்து வைத்து உதட்டை அசைத்துக்கொண்டு வருகிறார்கள்! இரவெல்லாம் படித்தவர்கள், இறங்கும்வரை மீண்டும் படிக்கிறார்கள். ஆனால் அடுத்த செமஸ்டரில் அதே பாடத்தைப் பற்றிக் கேட்டால், "மறந்து போச்சு" என்பதே பதில். இவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல நமக்கு மனம் வருமா?

குற்றாலத்தில் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி 1964-இல் தொடங்கப்பட்டது. குற்றாலநாத சுவாமி கோவிலைச் சார்ந்து, அறநிலையத்துறையின் கீழ் இயங்கும் கல்லூரி அது. இதுபோன்ற கல்லூரிகளுக்குச் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகளில் பலர், பீடி சுற்றும் தாய்மாரின் மகள்கள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. நல்ல உதவிதான். ஆயினும் இரண்டு, மூன்று தாள்களில் அரியர் விழுந்துவிட்டால், "படிச்சது போதும், மாப்பிள்ளை பார்ப்போம்" என்ற பேச்சு வீட்டில் எழத் தாமதம் ஆவதில்லை. எனவே எப்படிப் படிப்பது என்பது இங்கே சின்ன விஷயம் அல்ல.

2006-இல் அமெரிக்காவின் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு சிறு பகுதியை ஒரு குழுவினர் நான்கு வேளையும் வாசித்தார்கள். மற்றொரு குழுவினர் ஒரு வேளை மட்டும் வாசித்து, மீதி மூன்று வேளையும் அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, வாசித்தவர்களே முந்தினார்கள்: 83 விழுக்காடு, எழுதியவர்கள் 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. வாசித்தவர்களுக்கு 40 விழுக்காடுதான் நினைவில் இருந்தது; எழுதியவர்களுக்கு 61. தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்களும் வாசித்தவர்களே!

காரணம் நமக்குப் புரியாதது அல்ல. ஐந்தருவிக்குப் பலமுறை பேருந்தில் போனவரிடம் வழி கேட்டால் தடுமாறுவார். ஒருமுறை தானே விசாரித்து நடந்து போனவர் சரியாகச் சொல்வார். திரும்பத் திரும்ப வாசிக்கும்போது எழுத்து கண்ணுக்குப் பழகிவிடுகிறது. பழகியதை அறிந்ததாக எண்ணிவிடுகிறோம். புத்தகத்தை மூடிவிட்டுத் தேடும்போதுதான் மனம் உழைக்கிறது.

கற்பிப்பவர்களுக்கும் இதில் செய்தி உண்டு. ஒரு மணி நேரம் ஆசிரியர் சொல்ல, அறுபது பேர் எழுதிக்கொள்வதே நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் நடப்பது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர், 1990-களில் இதை மாற்றிப் பார்த்தார். சிறிது நேரம் விளக்குவார். ஒரு கேள்வி கேட்பார். மாணவர்கள் தனியே விடை யோசித்து, பிறகு பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்க வேண்டும். இத்தகைய முறைகளைப் பற்றிய 225 ஆய்வுகளை ஒருங்கே பார்த்து 2014-இல் வெளியான கட்டுரை ஒன்று, விரிவுரை மட்டும் கேட்ட அறிவியல், கணித வகுப்புகளில் ஏறக்குறைய 34 விழுக்காட்டினரும், பங்கேற்றுக் கற்ற வகுப்புகளில் 22 விழுக்காட்டினரும் தோற்றதாகக் கூறுகிறது. இதற்குக் கணினித் திரை தேவையில்லை. கேள்விக்குக் கை தூக்கினால் போதும். வகுப்பின் கடைசி ஐந்து நிமிடம் நோட்டை மூடச் சொல்லி, அன்றைய பாடத்தை நான்கு வரியில் எழுதச் சொல்லலாம். ஆனால் தயவுசெய்து அதற்கு இன்டெர்னல் மதிப்பெண் போட வேண்டாம். மதிப்பெண் என்றதும் பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

"பாடத்திட்டத்தை யார் முடிப்பது?" என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் வகுப்பில் பேசித் தீர்க்க இயலாதுதான். ஆனால் முடித்த பாடம் ஒரு வாரத்தில் பாதிக்குமேல் மறந்துபோகிறதென்றால், முடித்தோம் என்று எதைச் சொல்வது?

மொழிச் சிக்கலும் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்த பிள்ளை, கல்லூரியில் ஆங்கில வரிகளைப் பொருள் தெரியாமல் உருப்போடுகிறாள். முதலில் தமிழில் பேசிப் புரிந்துகொள்ளட்டும். பிறகு ஆங்கிலத்தில் எழுதட்டும். தம் இறுதிக் காலத்தைக் குற்றாலத்தில் கழித்த ரசிகமணி டி.கே.சி. (1882–1954), திருநெல்வேலி வட்டத்தொட்டியில் கம்பனைக் கற்பித்ததும் நோட்ஸ் கொடுத்து அல்ல. பாடலை வாய்விட்டுச் சொல்லி, கூடியிருந்தவர்களோடு பேசிப் பேசித்தான்.

பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியாதே, எழுதப் படிக்கவே தெரியாதே என்று தயங்க வேண்டாம். மாலையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் அம்மா, "இன்னிக்கு என்ன பாடம் நடத்துனாங்க, எனக்குச் சொல்லு பார்ப்போம்" என்று கேட்கலாம். அம்மாவுக்குப் புரிகிறமாதிரி சொல்வதற்கு மகள் சற்று யோசிக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் நோட்டு பைக்குள்ளேயே இருக்கட்டும்.