தொழுகைக்கு எதுக்குங்க ‘ஸ்ட்ரீக்’?

தொழுகை நேரம் சொல்ல, கிப்லா காட்ட, குர்ஆன் ஓத என்று ப்ளே ஸ்டோரில் ஆப்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால், ‘இன்னைக்கு என் வணக்கம் எப்படி இருந்துச்சு?’ என்று ராத்திரி தன்னைத்தானே கேட்டுக்கொள்ள ஓர் ஆப் பிளான் பண்ணினால், கதையே வேற. இந்தப் பழக்கத்துக்கு ‘முஹாசபா’ என்று பெயர். கணக்குப் பார்ப்பது என்று அர்த்தம். வியாபாரி கூட்டாளியிடம் கேட்பதுபோல மனதிடம் கணக்குக் கேட்கச் சொல்கிறார் இமாம் கஸ்ஸாலி. அவருடைய ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலின் 40 பகுதிகளில் 38-வது இதைப் பற்றியதுதான்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஸ்ட்ரீக். மொழி கற்கும் ஆப் மாதிரி, தொடர்ந்து 30 நாள் தொழுதால் ஒரு நெருப்பு எமோஜி! இங்கேதான் சிக்கல். மாதவிடாய் நாள்களில் பெண்களுக்குத் தொழுகை இல்லை. அதைப் பிறகு களா செய்யவும் வேண்டாம். ரமலானில் அப்படி விட்ட நோன்பை மட்டும் பின்னர் நோற்க வேண்டும். இது தெரியாத ஆப், மாசாமாசம் ‘தவறவிட்டீர்கள்’ என்று ஒரு பெண்ணைக் குத்திக்காட்டிக்கொண்டே இருக்கும். ‘தொழுதேன்’, ‘தொழவில்லை’ என்ற இரண்டு பட்டன் போதாது. காரணம் கேட்காத ‘விலக்கு’ என்ற மூன்றாவது பட்டனும் வேண்டும்.

அடுத்து, நாள் எப்போ முடியுது? போன் நள்ளிரவு 12 மணிக்குத் தேதியை மாற்றிவிடும். ஆனால், இஷா நேரம் ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளில் சுபுஹ் வரை நீள்கிறது. 12.10-க்குத் தொழுதவரை ‘மிஸ்டு’ என்று காட்டினால் கடுப்பாகாதா? கணக்கை சுபுஹ் நேரத்தில் முடிப்பதே சரி. அஸர் தொடங்கும் நேரமும் இந்த இரண்டு மத்ஹபுகளுக்கும் வேறு வேறு. அதற்கு செட்டிங்ஸில் ஓர் ஆப்ஷன் கொடுத்தால் போதும்.

நண்பர்களோடு ஸ்கோர் ஷேர் பண்ணும் வசதி? என்னைக் கேட்டால், கூடவே கூடாது. பிறர் பார்க்க வேண்டும் என்று வணங்குவதை ‘ரியா’ என்று கண்டிக்கிற மார்க்கத்தில், லீடர்போர்டுக்கு என்ன வேலை? எண்ணிக்கைக்குப் பதில், ‘இன்று தொழுகையில் மனசு எங்கே போச்சு?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்.

பிரைவசியும் சாதாரண விஷயமில்லை. ‘முஸ்லிம் ப்ரோ’ ஆப்பின் லொகேஷன் தகவல்கள் ஒரு டேட்டா நிறுவனத்துக்குப் போவதாக 2020-ல் செய்தி வந்தது. அந்த நிறுவனத்தின் வழியாக அமெரிக்க ராணுவ ஒப்பந்ததாரர்களுக்கும் தகவல் போகிறது என்றதும் பெரிய சர்ச்சை ஆனது. அந்த உறவை முறிப்பதாக ஆப் நிறுவனம் அறிவித்தது. உண்மையில், தொழுகை நேரத்தைத் தேதியையும் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் வைத்து போனிலேயே கணக்கிட்டுவிடலாம். சர்வருக்கு எதையும் அனுப்பத் தேவையில்லை. எழுதும் குறிப்புகளும் போனைத் தாண்ட வேண்டாம். ஆப்புக்குத் தனியாக ஒரு லாக்கும் அவசியம். வீட்டில் ஒரே போனை நாலு பேர் எடுக்கிறார்களே!