இறால் என்றார்கள், ஜெல்லி மீன் என்றார்கள்

விடுமுறைக்கு இமாச்சலத்தின் ஸ்பிட்டிக்குப் போகும் குடும்பங்களுக்கு ஒரு தகவல். அங்கே பராஹியோ பள்ளத்தாக்கின் பாறைகளில் சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடல் உயிரியான டிரைலோபைட்டின் புதைபடிவங்கள் உள்ளன. அந்தக் காலக் கடல்களின் பெரிய வேட்டை உயிரி அனோமலோகாரிஸ். அதை அடையாளம் காண அறிஞர்களுக்குப் பல பத்தாண்டுகள் ஆயின.

கனடாவில் கிடைத்த வளைந்த, முள் நிறைந்த துண்டைத் தலையில்லாத இறாலின் உடல் என்று 1892இல் நினைத்தார் புதைபடிவ ஆய்வாளர் வைட்டீவ்ஸ். 1911இல் இன்னொரு ஆய்வாளரான வால்காட் வட்டமான இன்னொரு படிவத்தை ஜெல்லி மீன் என்று வகைப்படுத்தினார். பின்னர் ஆய்வாளர் விட்டிங்டன் ஒரு கல்லைப் பொறுமையாகச் செதுக்கியபோதுதான் உண்மை வெளிப்பட்டது. 'இறால்' என்றது இரையைப் பிடிக்கும் முன்னுறுப்பு. 'ஜெல்லி மீன்' என்றது இந்த உயிரினக் குடும்பத்தின் வாய்! 1985இல் அவரும் சக ஆய்வாளர் பிரிக்ஸும் முழு உருவத்தை விளக்கினார்கள். மெல்லிய உடல் அழுகிச் சிதைய, கெட்டியான உறுப்புகள் தனித்தனியே கல்லில் பதிந்ததே இத்தனை குழப்பத்துக்கும் காரணம். ஆஸ்திரேலியாவில் கிடைத்த அனோமலோகாரிஸின் ஒரு கண் படிவத்தில் 16,000க்கும் மேற்பட்ட நுண்வில்லைகள் இருந்தன என்பது இன்னும் வியப்பு.

ஸ்பிட்டியில் விசித்திரப் பதிவுள்ள கல் கண்ணில் பட்டால் பெயர்த்தெடுக்காதீர்கள். படம் பிடித்து, இடத்தைக் குறித்து, நிலவியல் துறையினரிடம் காட்டுங்கள்.