மூன்றாம் பங்கு

“பின்னக் கணக்கு எதற்கு உதவும்?” என்று நான் தலைமையாசிரியனாக இருந்தபோது கேட்டோர் பலர். ஃபுளோரிடாவின் நீரடிக் குகைகளில் உயிரைக் காப்பதே ஒரு பின்னந்தான்.

குகையினுள் தலைக்குமேல் பாறை. இடர் நேர்ந்தால் நேரே மேலெழ இயலாது. ஆதலால் சிலிண்டரிலுள்ள காற்றில் மூன்றில் ஒரு பங்கு செல்வதற்கு, ஒரு பங்கு மீள்வதற்கு, எஞ்சியது ஆபத்துக்கு. குகை விபத்துகளை ஆராய்ந்து செக் எக்ஸ்லி 1979-இல் வெளியிட்ட நூல் இவ்விதியை வலியுறுத்தியது.

கடைக்கோடியில் ஒருவன் காற்று முழுவதையும் இழந்தாலும், துணைவனிடமுள்ள இரு பங்கு இருவரையும் வாயில் சேர்க்கும். ஆனால் அச்சத்தில் மூச்சு விரையும். 30 மீட்டர் ஆழத்திலோ அழுத்தம் தரையிலுள்ளதைப்போல் 4 மடங்கு. அங்கே ஒரு நிமிடத் தாமதம் 4 நிமிடக் காற்றை விழுங்கும். ஆகவே ஆழம் மிகும்போது சேமிப்பையும் மிகுத்தல் வேண்டும்.

அம்மூன்றாம் பங்கு துணைவனுக்கும் உரியது. அதனைத் தொடாமல் திரும்புகிறவனையே கணக்கறிந்தவன் என்பேன்.