எங்க அழுத்தணும் பாஸ்?

போன் இன்டர்வியூ. "உங்க ஹாபி?"னு கேட்டாங்க. கெத்தா "ஃபோட்டோகிராஃபி"ன்னேன். அந்தப் பக்கம் "பார்டன்?" இன்னும் சத்தமா சொன்னேன். மறுபடியும் "பார்டன்?" மூணாவது தடவை "ரீடிங்"னு பல்டி அடிச்சுட்டேன்.

தப்பு சத்தத்துல இல்லை, அழுத்தத்துல!

தமிழ்ல எழுத்தை நீட்டினா அர்த்தம் மாறும்: படம், பாடம். ஓங்கிச் சொன்னா மாறாது. அந்தப் பழக்கத்துல இங்கிலீஷ்லயும் எல்லா அசைக்கும் சமமா மார்க் போடுறோம். ஆனா, இங்கிலீஷ் ஒரு அசையை ஓங்கி அடிச்சு மத்ததைப் பாதி முழுங்கிடும். கேக்கறவர் அந்த அடியை வெச்சுத்தான் வார்த்தையைப் பிடிக்கிறார்.

'ஃபோட்டோகிராஃப்'ல அடி முதல் அசையில. 'ஃபோட்டோகிராஃபர்', 'ஃபோட்டோகிராஃபி' ரெண்டுலயும் அது 'டோ'வுக்குத் தாவிடும். சொல்றப்போ 'ஃப-டாக்-ர-ஃபி' மாதிரி கேக்கும். 'ஃபோட்டோகிராஃபிக்'னா 'கிரா'வுக்கு ஓடிடும். ஒரே குடும்பம்தான். வால் மாறினா அடி இடம் மாறுது. நான் முதல் அசையிலேயே அடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்!

'ஷன்', 'இக்'னு முடிஞ்சா பெரும்பாலும் அதுக்கு முந்தின அசையில அடி. எக்ஸாமினேஷன்ல 'னே', எகனாமிக்ல 'னா'. பாலிடிக்ஸ் மட்டும் முதல் அசையிலேயே அடி வாங்கும். (பாலிடிக்ஸ் என்னிக்கு ரூல்ஸை மதிச்சிருக்கு?)

சரி, வாலைக் கண்டுபிடிக்க வார்த்தையை எங்க வெட்டறது? இங்கதான் கூத்து. ஹெலிகாப்டரை வாய் 'ஹெ-லி-காப்-டர்'னு நாலா வெட்டும். அர்த்தமோ ரெண்டே துண்டு: 'ஹெலிகோ', 'ப்டர்'. கிரேக்கத்துல ஹெலிக்ஸ்னா சுருள், ப்டெரான்னா இறக்கை. 'ப்ட'ன்னு ஆரம்பிக்கிறது இங்கிலீஷ் வாய்க்கு ஒத்துவராது. அதனால தப்பான இடத்துல வெட்டி, 'ஹெலி'யை மட்டும் உருவி ஹெலிபேட் கட்டிட்டாங்க! பறக்கும் டைனோசர்னு நாம சொல்ற டெரோடாக்டைல்லயும் அதே இறக்கைதான். அங்க 'ப்' ஸ்பெல்லிங்ல மட்டும் இருக்கு.

1935-ல அமெரிக்கப் புதிர்ப் பிரியர் சங்கத் தலைவர் ஒருத்தர் 45 எழுத்துல ஒரு நோய்க்குப் பேர் வெச்சார்: நிமோனோ-அல்ட்ரா-மைக்ரோஸ்கோபிக்-சிலிகோ-வால்கனோ-கோனி-ஓசிஸ். நுரையீரல், ரொம்ப, நுண்ணிய, சிலிக்கா, எரிமலை, தூசி, நோய். வெட்டிட்டா பயம் போச்சு. மொத்தம் 19 அசை. மெயின் அடி எங்க தெரியுமா? 'ஓசிஸ்'ல இருக்கற 'ஓ'வுல. ட்யூபர்குலோசிஸ்லயும் அதே இடம்தான்.

இன்டர்வியூ போறதுக்கு முன்னாடி பயோடேட்டாவுல இருக்கற நீள வார்த்தைகளை மட்டும் டிக்ஷனரியில தேடிப் பாருங்க. உச்சரிப்புக் குறியில, மேலே சின்னதா ஒரு கோடு நிக்கும். அதுக்கு அடுத்து வர்ற அசையிலதான் அடி.