சோபா வாங்கும் முன் சாக்பீஸ் எடுங்க! சின்ன ஹாலை அழகாகவும் வசதியாகவும் அமைப்பது எப்படி?

கடையில் பார்த்தபோது சோபா அளவாகத்தான் தெரிந்தது. வீட்டில் கொண்டுவந்து இறக்கியதும் ஹாலே சுருங்கிவிட்டது. பால்கனி கதவு பாதிதான் திறக்கிறது. குழந்தை விளையாட இடமில்லை. பாத்ரூம் போக எழுந்த தாத்தா டீப்பாயில் முழங்காலை இடித்துக்கொள்கிறார். திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை, ஈஎம்ஐ மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கிறது.

புது ஃபிளாட்டுக்குக் குடிபோகும் பல குடும்பங்களில் நடக்கும் கதைதான் இது. தப்பு சோபாவில் இல்லை. ஹாலை அளக்காமல், ஹாலில் என்னென்ன நடக்கிறது என்று யோசிக்காமல் முதலில் பொருளை வாங்கியதுதான் தப்பு. அப்போ எதிலிருந்து ஆரம்பிக்கணும்? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

நம்ம வீட்டு ஹாலில் என்னதான் நடக்குது?

இன்டீரியர் படங்களில் வரும் லிவிங் ரூம் உட்கார்ந்து பேச மட்டும்தான். நம்ம ஹால் அப்படி இல்லை. காலையில் பேப்பர் படிக்கும் இடம், சாயங்காலம் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும் இடம், இரவில் ஊரிலிருந்து வந்தவர்கள் பாய் விரித்துப் படுக்கும் இடம். கொலு வைப்பதும் இங்கேதான், விசேஷ நாளில் பந்தி விரிப்பதும் இங்கேதான்.

அதனால் கடைக்குப் போகும் முன் ஒரு பேப்பரில் எழுதுங்க. தினமும் எத்தனை பேர் உட்காருகிறார்கள்? யாராவது ஹாலில் தூங்குகிறார்களா? வயதானவர்கள், தவழும் குழந்தைகள் இருக்கிறார்களா? சாப்பாடு மேஜையிலா, தரையிலா?

வருஷத்தில் நாலு நாள் வரும் விருந்தாளிக்காக 8 பேர் உட்காரும் சோபா வாங்கினால், மீதி 361 நாளும் நீங்கதான் இடித்துக்கொண்டு நடக்கணும். தினமும் இருப்பவர்களுக்கு சோபா, வருபவர்களுக்கு மடக்கு நாற்காலியும் ஜமக்காளமும் என்று பிரித்துக்கொண்டாலே பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும்.

10-க்கு 16 அடி ஹாலில் எவ்வளவு இடம் மிஞ்சும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அகலம் 10 அடி. ஒரு சுவரை ஒட்டி 3 அடி ஆழமுள்ள சோபா. எதிர்ச் சுவரில் ஒன்றரை அடி ஆழத்தில் டிவி யூனிட். இரண்டும் போக மிச்சம் ஐந்தரை அடி. நடுவில் 2 அடி அகல டீப்பாய், அதற்கும் சோபாவுக்கும் நடுவே கால் வைக்க ஒன்றரை அடி. கடைசியில் நடக்கக் கிடைப்பது 2 அடிதான். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் ஆகணும்.

இதே ஹாலில் இரண்டரை அடி ஆழமுள்ள சோபா, சுவரில் மாட்டிய டிவி, அதன் கீழே 1 அடி ஆழப் பலகை, டீப்பாய்க்குப் பதில் ஓரமாக ஒரு சின்ன ஸ்டூல் என்று மாற்றினால்? நடுவில் ஆறரை அடி காலியாகக் கிடைக்கும். நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடலாம், ராத்திரி பாய் விரிக்கலாம்.

ஹாலில் நடக்கும் பாதை இரண்டரை அடியிலிருந்து 3 அடி வரை இருந்தால் நல்லது. வாக்கர், சக்கர நாற்காலி பயன்படுத்துபவர் வீட்டில் இருந்தால் 3 அடிக்குக் குறையவே கூடாது.

சாக்பீஸ் சோதனை என்றால் என்ன?

ரொம்ப எளிது. வாங்க நினைக்கும் சோபா, மேஜை, டிவி யூனிட் எல்லாவற்றின் நீள அகலத்தையும் கடையில் குறித்துக்கொள்ளுங்க. வீட்டுக்கு வந்து அதே அளவில் தரையில் சாக்பீஸால் கட்டம் போடுங்க. கோலமாவுகூடப் போதும், பழைய செய்தித்தாளை விரித்தும் பார்க்கலாம்.

இரண்டு நாள் அந்தக் கோட்டுக்குள் மிதிக்காமல் நடந்து பாருங்க. கதவு, ஜன்னல், அலமாரி முழுசாகத் திறக்குதா? ஸ்விட்ச் போர்டு சோபாவுக்குப் பின்னால் மறையுதா? பெருக்கித் துடைக்க வழி இருக்கா? காசு கொடுத்த பிறகு தெரிய வேண்டியதெல்லாம் முன்னாடியே தெரிந்துவிடும்.

கூடவே லிஃப்ட், மாடிப்படித் திருப்பம், வாசல் கதவு மூன்றையும் அளந்துவிடுங்க. மூணாவது மாடி ஃபிளாட்டுக்குள் நுழைய முடியாமல் படியிலேயே சோபா மாட்டிக்கொள்வதும் நடக்கிற விஷயம்தான்.

சோபாவில் எதைப் பார்த்து வாங்கணும்?

முதலில் உயரம். தரையிலிருந்து உட்காரும் பகுதி வரை 17, 18 அங்குலம் இருந்தால் பெரும்பாலானோருக்கு வசதி. பார்க்க ஸ்டைலாக இருக்கும் தாழ்வான சோபாவில் மூட்டுவலி உள்ளவர்கள் உட்கார்ந்தால் எழுந்திருப்பது பெரும்பாடு. பெரியவர்களுக்குக் கை ஊன்றி எழ இரண்டு பக்கமும் கைப்பிடி வேணும். முடிந்தால் அவர்களையே கடைக்கு அழைத்துப்போய் பத்து நிமிஷம் உட்காரச் சொல்லுங்க.

இரண்டாவது ஃபோம். விற்பனையாளரிடம் 'டென்சிட்டி எவ்வளவு?' என்று கேளுங்க. ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான் அந்த எண். தினமும் உட்காரும் இருக்கைக்கு 32 அல்லது 40 டென்சிட்டி கேளுங்க. அதற்குக் குறைவான ஃபோம் சீக்கிரம் குழி விழுந்துவிடும்.

மூன்றாவது உள்ளே இருக்கும் சட்டம். துணி மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. என்ன மரம், என்ன பிளைவுட் என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்க. பிளைவுட்டில் எம்ஆர் கிரேடு ஈரப்பதத்தை ஓரளவுதான் தாங்கும். பிடபிள்யூஆர், பிடபிள்யூபி கிரேடுகள் அதைவிட நன்றாகத் தாங்கும். மழைக்காலத்தில் சுவர் ஈரம் காட்டும் வீடுகளில் இந்த வித்தியாசம் நல்லாவே தெரியும். எப்படியும் சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் இரண்டு அங்குலம் தள்ளிப் போட்டால் பூஞ்சை பிடிப்பது குறையும்.

நான்காவது உறை. நம்ம வெயிலுக்கும் வியர்வைக்கும் ரெக்ஸின் முதுகில் ஒட்டும், மலிவான ரகம் சில வருஷத்தில் உரியவும் செய்யும். கழற்றித் துவைக்கிற மாதிரி கெட்டியான பருத்தி உறை இருந்தால் குழந்தைகள் உள்ள வீட்டில் நிம்மதி.

டிவி எவ்வளவு தூரத்தில் இருக்கணும்?

திரையின் மூலைவிட்ட அளவைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். 43 அங்குல டிவிக்கு ஐந்தரை அடியிலிருந்து 7 அடி வரை. 55 அங்குலத்துக்குச் சுமார் 7 முதல் 9 அடி. ஹாலின் அகலம் 10 அடி, சோபா போக மிச்சம் ஏழரை அடி என்றால் 43 அங்குலமே தாராளம்.

உயரமும் முக்கியம். உட்கார்ந்திருக்கும்போது திரையின் நடுப்பகுதி கண்ணுக்கு நேராக வரணும், அதாவது தரையிலிருந்து மூன்றரை முதல் 4 அடி. கதவு உயரத்தில் மாட்டினால் கழுத்து வலிதான் மிஞ்சும். ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டினால் பகலில் திரையில் வெளிச்சம்தான் தெரியும், படம் தெரியாது. சின்னக் குழந்தைகள் இருந்தால் டிவியை ஸ்டாண்டில் சும்மா நிறுத்தாமல் சுவரோடு பிடித்து மாட்டுவதுதான் பாதுகாப்பு.

ஃபால்ஸ் சீலிங் அவசியமா?

அழகுக்காகப் பலர் பெரிய தொகை செலவு செய்வது இதில்தான். ஆனால் முதலில் உயரத்தை அளங்க. வசிக்கும் அறைக்குக் குறைந்தது 2.75 மீட்டர், அதாவது சுமார் 9 அடி உயரம் வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித் தொகுப்பு. ஏசி அறைக்கு மட்டும் 2.4 மீட்டர் வரை குறையலாம்.

உங்க ஹால் ஒன்பதரை அடி என்று வைத்துக்கொள்ளுங்க. ஃபால்ஸ் சீலிங் 8 அங்குலம் இறங்கினால் 8 அடி 10 அங்குலம். அதிலிருந்து ஃபேன் ஒரு அடி கீழே தொங்கினால் இறக்கை 7 அடி 10 அங்குலத்தில் சுற்றும். விளையாட்டாகக் குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்க. மேலே இடைவெளி குறைந்தால் ஃபேன் காற்றும் குறையும். உயரம் போதாத வீட்டில் சுவர் விளக்கும் ஒரு ஸ்டாண்ட் விளக்கும் அதே அழகைக் கொடுத்துவிடும்.

குறைந்த செலவில் ஹால் அழகாக என்ன வழி?

முதல் வழி வெளிச்சம். பல வீடுகளில் ஒரே ஒரு வெள்ளை டியூப்லைட்தான். அது பெரும்பாலும் 6500 கெல்வின் வெளிச்சம், படிக்க நல்லது. அதோடு 3000 கெல்வின் மஞ்சள் விளக்கு ஒன்றை மூலையில் வைத்துத் தனி ஸ்விட்ச் கொடுங்க. ராத்திரி டியூப்லைட்டை அணைத்துவிட்டு அதை மட்டும் போட்டால் அதே ஹால் வேறு ஹாலாகத் தெரியும்.

இரண்டாவது திரைச்சீலை. கம்பியை ஜன்னலுக்கு அரை அடி மேலே மாட்டி, துணியைத் தரை வரை விட்டால் கூரை உயரமாகத் தெரியும். துணியின் அகலம் ஜன்னலைப் போல இரண்டு மடங்கு இருந்தால்தான் மடிப்பு அழகாக விழும். மேற்குப் பார்த்த ஜன்னலுக்குக் கெட்டித் துணி போட்டால் பிற்பகல் வெயில் குறையும்.

மூன்றாவது நிறம். சுவர்களுக்கு வெளிர் நிறம், ஒரே ஒரு சுவருக்கு மட்டும் அடர் நிறம். எல்லாச் சுவரும் அடர் நிறமானால் வெளிச்சத்தை உறிஞ்சி அறையைச் சின்னதாகக் காட்டும்.

நான்காவது தரை. புசுபுசு கார்ப்பெட் நம்ம ஊர்த் தூசிக்கு ஒத்துவராது. பவானி ஜமக்காளம், பத்தமடைப் பாய் இரண்டுமே புவிசார் குறியீடு பெற்றவை. பார்க்கவும் அழகு, வேண்டாதபோது சுருட்டி வைக்கலாம். பளபள டைல்ஸ் மேல் எதை விரித்தாலும் அடியில் வழுக்காத ரப்பர் வலை போடுங்க. பெரியவர்கள் விழுவதற்கு நகரும் விரிப்பும் ஒரு காரணம்.

வாடகை வீடாக இருந்தால்?

சுவரோடு பதிக்கும் யூனிட்டில் பணம் போட வேண்டாம், காலி பண்ணும்போது கழற்றினால் பாதிக்குப் பாதி வீண். தனியாக நிற்கும் அலமாரி, விளக்கு, திரைச்சீலை, செடித்தொட்டி என்று கையோடு எடுத்துப்போகக்கூடியதை வாங்குங்க. சுவரில் துளை போடும் முன் ஓனரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் அட்வான்ஸ் திரும்ப வாங்கும்போது சண்டை வராது.

பணத்தை எந்த வரிசையில் செலவழிக்கணும்?

முதலில் ஸ்விட்ச், பிளக் பாயின்ட், விளக்கு. அடுத்து பெயின்ட். பிறகு திரைச்சீலை. அதன்பின் சோபா. ஷோகேஸ் பொருட்கள் கடைசி. நிறைய பேர் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் சோபா வந்த பிறகு சுவரை உடைக்க வேண்டியதாகிறது.

'நோ காஸ்ட் ஈஎம்ஐ' என்றால் கையெழுத்துப் போடும் முன் பிராசஸிங் கட்டணம் உண்டா, வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டி பிடிப்பார்களா, ரொக்கமாகக் கொடுத்தால் தள்ளுபடி எவ்வளவு என்ற மூன்றையும் கேளுங்க. உண்மையான விலை அப்போதுதான் தெரியும்.

எல்லாவற்றையும் ஒரே மாசத்தில் வாங்கணும் என்று அவசியமே இல்லை. இரண்டு மாசம் பாயிலும் மடக்கு நாற்காலியிலும் குடியிருந்து பாருங்க. காற்று எங்கே வருது, பிள்ளைகள் எங்கே உட்காருகிறார்கள், தாத்தா எந்த ஓரமாக நடக்கிறார் என்பது தானாகவே புரியும். அதற்குப் பிறகு சாக்பீஸை எடுங்க, கடைக்கு அப்புறம் போகலாம்.